குடும்பப் பெயர்: காலி

அனுப்புநர்
ஒரு குடும்பத்தின் பயண ஏற்பாட்டாளர்,
மேற்கு மாம்பலம், சென்னை.

பெறுநர்
மாண்புமிகு பொதுச் செயலாளர் அவர்கள்,
ஆசியான் (தென்கிழக்கு ஆசிய நாடுகள் கூட்டமைப்பு) தலைமைச் செயலகம்,
ஜகார்த்தா.

பொருள்: பதினொரு நாடுகள், ஒரே சமூகம், தனித்தனிப் படிவங்கள் – தொடர்பாக.

பார்வை: 1) 8.8.1967 நாளிட்ட தங்கள் பாங்காக் பிரகடனம். 2) 4.11.2002 அன்று நாம்பென்னில் கையெழுத்தான தங்கள் சுற்றுலா ஒப்பந்தம். 3) 2007ஆம் ஆண்டுத் தங்கள் சாசனம். 4) என் மாமியாரின் வாய்மொழி உத்தரவு.

ஐயா,

பார்வை 3இல் கண்ட சாசனத்தில் ‘ஒரே நோக்கு, ஒரே அடையாளம், ஒரே சமூகம்’ என்று தங்கள் குறிக்கோளை எழுதி வைத்திருக்கிறீர்கள். சின்னத்திலும் நெற்கதிர்களை ஒரே கட்டாகக் கட்டிப் போட்டிருக்கிறீர்கள். அந்தக் கட்டின் மேல் பாரத்தைப் போட்டு, சிங்கப்பூர், மலேசியா, தாய்லாந்து, கம்போடியா, வியட்நாம், கடைசியில் பாலி என்று ஒரு குடும்பச் சுற்றுலாவைத் திட்டமிட்டு வருகிறேன். அது தொடர்பாகச் சில விவரங்களைத் தங்கள் மேலான பார்வைக்குக் கொண்டுவர விரும்புகிறேன்.

முதலில் எங்கள் தரப்பு. ஆசியானில் எல்லாமே ஒருமித்த கருத்தால்தான் முடிவாகும், ஒருவர் விவகாரத்தில் இன்னொருவர் தலையிடக் கூடாது என்று படித்தேன். எங்கள் வீட்டிலும் அச்சு அசலாக இதே முறைதான். மாமியாருக்குக் கோயில்: அங்கோர், முடிந்தால் ஜாவாவின் போரோபுதூர். மகளுக்குக் கடற்கரை. மைத்துனனுக்கு நகரம், அதாவது குளிரூட்டிய கடைத்தொகுதி. ஒருவர் பட்டியலில் மற்றவர் கை வைப்பதில்லை. ஒருவரும் ஓர் ஊரையும் விட்டுக்கொடுப்பதில்லை. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கூடுகிறோம், காப்பி குடிக்கிறோம், பேச்சு நல்லபடியாக நடந்தது என்று கலைகிறோம். “என்ன மாப்பிள்ளை, டிக்கெட் போட்டாச்சா?” என்று மாமியார் கேட்கும்போது, உங்கள் நாற்காலியில் உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று எனக்குப் புரிகிறது.

எங்களுக்கு லீவு கிடைப்பது மே மாதம். அந்த மாதம் தென்மேற்குப் பருவக்காற்று புக்கெட், கிராபி கரைகளுக்கு வந்துவிடும். அலை எழும்பும், குளிக்கத் தடை சொல்லிச் சிவப்புக் கொடி ஏறும். பாலியில் அப்போதுதான் மழை ஓய்ந்திருக்கும். அங்கோர் இருக்கும் சியாம் ரீப்பில் வெயில் நம் அக்னி நட்சத்திரத்துக்குச் சளைக்காது. பூஜை லீவுக்குப் போகலாம் என்றால், அக்டோபரில் வியட்நாமின் நடுக்கரையில் வெள்ளக் காலம், ஹோய் ஆன் தெருக்களில் படகு ஓடும். டிசம்பரில் புக்கெட் பளிச்சென்று இருக்கும்; மலேசியாவின் கிழக்குக்கரைத் தீவுகளான பெர்ஹெந்தியானும் ரெடாங்கும் வடகிழக்குக் காற்றுக்குக் கடையைச் சாத்தியிருக்கும். மார்ச்சில் பாலி போனால் நியெப்பி குறுக்கே வரலாம். அன்று தீவு முழுக்க மௌனம். விமான நிலையமே ஒரு நாள் மூடிக்கிடக்கும். சுற்றுலாப் பயணியும் விடுதியை விட்டு வெளியே வரக் கூடாது. (மைத்துனனையும் மாமியாரையும் ஒரே அறையில் ஒரு நாள் முழுக்கப் பேசாமல் இருக்கச் செய்யும் ஒரே பண்டிகை என்பதால் அதை மட்டும் நான் பரிசீலனையில் வைத்திருக்கிறேன்.)

இதற்கெல்லாம் உங்களைக் குறை சொல்லவில்லை. காற்று ஆண்டுதோறும் அதே மாதத்தில்தான் வருகிறது, நம்பிக்கை வைக்கலாம். விசா அறிவிப்புகளுக்கு அந்த ஒழுங்கு இல்லை. இந்தியர்களுக்கு மலேசியா 2023 டிசம்பர் முதல் 30 நாள் விசா விலக்குத் தந்தது. தாய்லாந்து 2024 ஜூலையில் 60 நாள் என்றது. மறு ஆண்டே அதைக் குறைக்கும் பேச்சைத் தொடங்கியது. சிங்கப்பூருக்கு முன்கூட்டியே முகவர் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். வியட்நாம் மின்விசா 25 டாலர். வெளியே போய்த் திரும்பி வருவதாக இருந்தால் 50. இந்தோனேசியா வாசலில் 5 லட்சம் ரூபியா வாங்குகிறது, பாலித் தீவு தனியாக ஒன்றரை லட்சம். லட்சம் என்று கேட்டதும் மாமியார் சோபாவில் உட்கார்ந்துவிட்டார். ஐந்து லட்சம் என்பது நம் காசில் மூவாயிரத்துக்குள்தான் என்று விளக்கித் தண்ணீர் கொடுத்தோம். பார்வை 2இல் கண்ட ஒப்பந்தத்தில், வெளிநாட்டுப் பயணிகளுக்கு விசா வழங்கும் நடைமுறைகளை ஒரேமாதிரி ஆக்குவது பற்றி நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்தக் காகிதத்துக்கு இப்போது வயது இருபதைத் தாண்டிவிட்டது. எங்கள் ஊரில் அந்த வயதில் வரன் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள்.

விசாவைக்கூட விட்டுவிடுகிறேன். அது அந்தந்த நாட்டின் இறையாண்மை, பெரிய இடத்து விஷயம். நான் பேச வந்தது வருகை அட்டை பற்றி.

முன்பெல்லாம் விமானத்தில் ஒரு சீட்டு கொடுப்பார்கள். பக்கத்து இருக்கைக்காரரிடம் பேனா கடன் வாங்கி எழுதினால் முடிந்தது. இப்போது எல்லாம் இணையம். சிங்கப்பூர் ஆரம்பித்தது. மலேசியா 2024 ஜனவரியில் கட்டாயமாக்கியது. தாய்லாந்து 2025 மே முதல் தேதி முதல். கம்போடியாவுக்கு ஒன்று. இந்தோனேசியாவும் வந்து சேர்ந்துவிட்டது. கட்டணம் கிடையாது, நல்லதுதான். (கட்டணம் கேட்டால் அது போலித் தளம் என்று அறிக.) சிக்கல் என்னவென்றால், சிங்கப்பூர், மலேசியா, தாய்லாந்து மூன்றும் வருவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள்தான் அட்டையை நிரப்பச் சொல்கின்றன. மாம்பலத்தில் உட்கார்ந்து ஒரே மூச்சில் எல்லாவற்றையும் முடித்துவிட்டுக் கிளம்ப வழியில்லை. ஒரு நாட்டில் நாங்கள் இருக்கப்போவதே மூன்று நாள். ஆக, சிங்கப்பூரில் இருக்கும் நாளெல்லாம் மலேசியப் படிவம். பினாங்குக் கடற்கரையில் தாய்லாந்துப் படிவம். பாங்காக்கில் கம்போடியப் படிவம். ஆளுக்கொன்று வீதம் ஐந்து பேருக்கு. கடைசியில் எந்த நாட்டில் எதைப் பார்த்தீர்கள் என்று யாராவது கேட்டால், அடுத்த நாட்டின் படிவத்தைப் பார்த்தோம் என்றுதான் சொல்ல வேண்டும். தாய்லாந்து இன்னொரு கேள்வியும் கேட்கிறது: கடந்த இரண்டு வாரத்தில் எந்தெந்த நாடுகளில் இருந்தீர்கள்? எல்லாம் உங்கள் உறுப்பினர் வீடுகளில்தான் இருந்தோம் ஐயா.

இப்போது படிவத்தின் உள்ளே போவோம். முதல் கட்டத்திலேயே ‘குடும்பப் பெயர்’ என்று இருக்கும். எங்கள் ஊரில் அப்படி ஒன்று இல்லை. அவரவருக்கு ஒரு பெயர். முன்னால் அப்பா பெயரின் முதலெழுத்து, இனிஷியல். பாஸ்போர்ட் அலுவலகத்துப் படிவம் கேட்கிறதே என்று ஒவ்வொருவரும் ஒவ்வொன்றை நிரப்பினோம். அதன் விளைவு பின்வருமாறு. என் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் காலி. என் மனைவியின் குடும்பப் பெயர், என் பெயர். மகளின் குடும்பப் பெயரும் என் பெயர். மாமியாருக்கும் மைத்துனனுக்கும் மறைந்த மாமனாரின் பெயர். அதாவது என் குடும்பத்துக்கு நான்தான் குடும்பப் பெயர்; எனக்கு மட்டும் குடும்பப் பெயர் இல்லை. காலியாக விட்டால் சிவப்புக் கோடு போட்டு மேலே போக விட மறுக்கும் கணினிகள் உலகில் நிறைய. ஒன்றில் பெயரையே இரண்டு தடவை எழுதச் சொல்வார்கள்; இன்னொன்றில் ஒரு சிறு கோடு போடச் சொல்வார்கள். டிக்கெட்டில் ஒரு மாதிரி, விசாவில் ஒரு மாதிரி, வருகை அட்டையில் ஒரு மாதிரி என்று மூன்று ஆட்களாக நான் பயணம் செய்ய வேண்டியிருக்கிறது. இருக்கைக்கு மட்டும் ஒரு ஆள் காசு என்பது ஆறுதல்.

இந்தக் கட்டத்தை உங்கள் படிவத்தில் யார் போட்டது என்று விசாரிக்க வேண்டுகிறேன். நிச்சயமாக அது உங்கள் ஆட்களாக இருக்க முடியாது. உங்கள் தலைமைச் செயலகம் இருக்கும் நாட்டை முதலில் ஆண்டவர் சுகர்ணோ, அடுத்து ஆண்டவர் சுகார்த்தோ. இருவருக்கும் ஒற்றைப் பெயர்தான். மியான்மர் மக்களுக்குக் குடும்பப் பெயர் என்ற வழக்கமே கிடையாது. ஐக்கிய நாடுகள் சபையின் பொதுச் செயலாளராக இருந்த ஊ தாந்தின் பெயரில் ‘ஊ’ என்பது மரியாதைச் சொல், மிச்சமிருக்கும் ‘தாந்த்’ மட்டும்தான் பெயர். மலாய்க்காரர்கள் பெயருக்குப் பின் ‘பின்’, ‘பிந்தி’ போட்டு அப்பா பெயரை எழுதுகிறார்கள். மலேசியத் தமிழர்களின் அடையாள அட்டையில் ‘ஏ/எல்’, ‘ஏ/பி’ என்று போட்டு இன்னாரின் மகன், இன்னாரின் மகள் என்று அரசாங்கமே அச்சிட்டுத் தருகிறது. எங்கள் இனிஷியலுக்கு இவ்வளவு மரியாதை எங்கள் சொந்த பாஸ்போர்ட்டில்கூடக் கிடைத்ததில்லை. தாய்லாந்தில் 1913இல் ஆறாம் ராமா சட்டம் போட்ட பிறகுதான் குடும்பப் பெயரே வந்தது. மன்னரே உட்கார்ந்து ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குப் பெயர் சூட்டினார். இன்றும் அந்நாட்டுப் பிரதமரைப் பத்திரிகைகள் அவருடைய சொந்தப் பெயரால்தான் குறிப்பிடுகின்றன. குடும்பப் பெயர் பழமையாக வேரூன்றிய வியட்நாமிலோ மூன்றில் ஒருவருக்கு மேல் நுயென். இத்தனை பேரும் கூடி உட்கார்ந்திருக்கும் ஒரு மேஜையில், ‘குடும்பப் பெயர் கட்டாயம்’ என்று முன்மொழிந்தவர் யார், வழிமொழிந்தவர் யார்?

வட்டாரத்துக்குப் பொதுவான விஷயங்கள் எத்தனையோ இருக்கும்போது, பொதுவாகக் கேட்க இந்தக் கேள்விதானா கிடைத்தது? ஏப்ரல் நடுவில் சூரியன் மேஷத்துக்குள் போகிறான். நாங்கள் சித்திரை ஒன்று கொண்டாடுகிறோம். அதையொட்டியே தாய்லாந்தில் சொங்கிரான், கம்போடியாவிலும் லாவோஸிலும் மியான்மரிலும் புத்தாண்டு. இத்தனை நாட்டிலும் ஒரே சமயத்தில் நுழையும் சூரியனிடம் வருகை அட்டை கேட்டதாகத் தகவல் இல்லை. அடுத்து மாரியம்மன். சிங்கப்பூர் சவுத் பிரிட்ஜ் சாலையில், பினாங்கில், மேடானில், பாங்காக்கின் சீலோமில், ஹோ சி மின் நகரில் என்று நீங்கள் பிறப்பதற்கு வெகு முன்பே கிளை பரப்பிவிட்டாள். சீலோமில் தாய்லாந்துக்காரர்கள் சாமந்தி மாலையோடு வரிசையில் நிற்கிறார்கள், ஹோ சி மின் நகரில் வியட்நாம்காரர்கள் ஊதுபத்தி ஏற்றுகிறார்கள். உண்மையான ஒரே சமூகத்தை அமைத்துக் காட்டியவள் என்ற முறையில் அவளை ஆலோசனைக் குழுவில் சேர்க்கலாம்.

ராஜேந்திர சோழனைப் பற்றி இங்கே விரிவாக எழுத மாட்டேன். அவன் 1025வாக்கில் இதே வட்டாரத்தில் ஒரே பயணத்தில் பல ஊர்களைத் தொட்டு, பட்டியலைக் கல்வெட்டிலும் பொறித்துவைத்தான். ஆனால் அவன் விண்ணப்பித்த முறையைத் தாங்கள் ஏற்க மாட்டீர்கள்.

கோயில் விதிகளில் எனக்குப் புகார் ஏதும் இல்லை. அங்கோருக்கு ஒரு நாளைக்கு 37 டாலர், மூன்று நாளைக்கு 62. முகத்தைப் படம் பிடித்துச் சீட்டில் அச்சிட்டே தருவார்கள். போரோபுதூரில் மேலே ஏற ஒரு நாளைக்கு இத்தனை பேர் என்று கணக்கு வைத்துத்தான் அனுமதி, கல் தேயாமலிருக்க அவர்களே ஒரு செருப்பும் தருகிறார்கள். கோயிலுக்குள் செருப்புப் போட்டுக்கொள்ளச் சொல்கிறார்கள் என்பதை மாமியாரிடம் இன்னும் சொல்லவில்லை. தாய்லாந்தின் மாயா பே கடற்கரை, ஒரு ஹாலிவுட் படத்தால் கூட்டம் சேர்ந்து பவளப்பாறை சீரழிந்து, 2018 முதல் மூன்றரை ஆண்டு மூடிக்கிடந்தது. இப்போது திறந்திருந்தாலும் நீந்தக் கூடாது, வருடம் இரண்டு மாதம் அடைப்பு. சரியான முடிவு. அந்தக் கடற்கரையைப் பட்டியலிலிருந்து எடுக்க மகளே சம்மதித்தாள்; எங்கள் வீட்டில் இதுவரை எட்டப்பட்ட ஒரே ஒருமித்த கருத்து அது.

பாங்காக்கிலிருந்து அங்கோருக்குத் தரைவழியாகப் போவதுதான் என் முதல் திட்டமாக இருந்தது. சிங்கப்பூரிலிருந்து சீனாவின் குன்மிங் வரை ரயில் விடுவோம் என்று 1995 உச்சி மாநாட்டில் நீங்கள் பேசினீர்கள். நாம்பென்னுக்கும் ஹோ சி மின் நகருக்கும் நடுவே இன்றைக்கும் தண்டவாளம் இல்லை. தாய்லாந்து–கம்போடிய எல்லையில் அறுந்துகிடந்த பாதையை 2019இல் சேர்த்தார்கள். 2025இல் எல்லையே மூடப்பட்டது. அந்த ஜூலையில் ஐந்து நாள் சண்டை, டிசம்பரில் மறுபடியும். உயிர்கள் போயின, லட்சக்கணக்கானோர் வீட்டை விட்டு ஓடினார்கள். சண்டைக்குப் பின்னணியில் இருக்கும் பழைய வழக்குகளில் ஒன்று, பிரே விகார் என்ற மலையுச்சிச் சிவன் கோயில் யாருக்கு என்பது. 1962இல் சர்வதேச நீதிமன்றம் கம்போடியாவுக்கு என்று தீர்ப்புச் சொன்னது. இந்தப் பத்தியில் கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை. ஒருவர் விவகாரத்தில் ஒருவர் தலையிடாத உங்கள் முறை, குண்டு விழும்போது என்ன செய்கிறது என்று மட்டும் கேட்டு வைக்கிறேன்.

என் கோரிக்கை சின்னது. ஒரே விசா கேட்கவில்லை, அதற்கு என் பேத்தி விண்ணப்பிப்பாள். ஒரே நாணயமும் கேட்கவில்லை. ஆனால் நீங்கள் பிறந்த அதே 1967இல், உங்களுக்கு இரண்டு மாதம் முன்பாக, சிங்கப்பூரும் புருனேயும் ஒருவர் டாலரை மற்றவர் சரிக்குச் சரி வாங்கிக்கொள்வதாக ஒப்பந்தம் போட்டன, இன்றுவரை வாங்கிக்கொள்கின்றன. ஒருவர் காசையே ஒருவர் நம்ப முடியுமென்றால், ஒருவர் வாங்கிய படிவத்தை இன்னொருவர் நம்ப முடியாதா? ஆகவே உறுப்பு நாடுகள் அனைத்துக்கும் பொதுவாக ஒரே வருகை அட்டை, வீட்டிலிருந்தே ஒரு மாதம் முன்னதாக நிரப்பும்படியாக, தமிழிலும் படிக்கும்படியாக ஏற்பாடு செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன். சிங்கப்பூரில் தமிழ் ஆட்சிமொழி என்பதால் மொழிபெயர்க்க ஆளுக்குப் பஞ்சமில்லை. அதில் பெயருக்கு ஒரே ஒரு கட்டம் போதும்.

மே மாதத்துக்கு வெகு முன்பே பதில் அனுப்பினால், முன்பதிவுச் சலுகையில் டிக்கெட் எடுக்க வசதியாக இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள விண்ணப்பதாரர்