குடாநாட்டுக் கடைகளின் முகநூல் மௌனம்: முற்றமும் கிணறும் வழியாக ஓர் ஆய்வு

இவ்வாய்வு ஒரு பொங்கல் பானையில் தொடங்குகிறது. ஆடி மாதத்துப் பின்னேரம் ஒன்றில், யாழ்ப்பாணப் பட்டினத்தில் புடவைக்கடை நடத்தும் என் மச்சானின் முகநூல் பக்கத்தைத் திறந்தேன். ‘வாடிக்கையாளர் அனைவருக்கும் இனிய தைப்பொங்கல் நல்வாழ்த்துக்கள்’ என்று வரவேற்றது. மேலே சூரியன், ஓரத்தில் கரும்பு, நடுவில் பானை. ஆறு மாதமாக இறக்குவாரின்றிப் பொங்குகிறதே என்று இரங்கித் திகதியைப் பார்த்தால், அது போன வருஷத்துப் பொங்கல். பதினெட்டு மாதம் அடுப்பிற் கிடந்த சோற்றின் நிலையை இரசாயனவியலாளர் ஆராயட்டும். கடையின் நிலை பற்றிப் பார்ப்பவர் என்ன நினைப்பார் என்பதே நமது ஆய்வுப் பொருள்.

வாழ்த்தின் கீழே ஒரேயொரு கொமன்ற் கிடந்தது. ரொறன்ரோவிலிருந்து ஒரு பெரியம்மா: “தம்பி, வைகாசியிலை மகளுக்குக் கலியாணம். கூறைச்சேலை என்ன விலையிலை இருக்கு?” பதில் இல்லை.

முறையியல் பற்றி ஒரு சொல். ஆய்வுக் கருவிகள்: ஒரு பழைய போன், ஒரு கிழமைக்கான டேற்றா, எண்ணிக்கை தவறிய தேத்தண்ணி. மாதிரியின் அளவு: ஒரு மச்சான். ஒருவர் போதாது என்று சொல்லும் புள்ளிவிபரவியலாளர்கள் அவரோடு ஒரு நாள் கதைத்துப் பார்த்துவிட்டு வரலாம்.

முதலில் இலக்கணம். தொல்காப்பியர் வகுத்த ஐந்திணையும் வணிகப் பக்கங்களுக்கு அப்படியே பொருந்துவதை இதுவரை எவரும் கவனித்ததாகத் தெரியவில்லை. திறப்பு விழா அன்று நாடா வெட்டி, உறவினர் எல்லாம் லைக் போடுவது குறிஞ்சி, உரிப்பொருள் புணர்தல். ‘புதிய சரக்கு விரைவில்’ என்று போட்டுவிட்டு வாடிக்கையாளரைக் காத்திருக்க வைப்பது முல்லை. “போன முறை வாங்கினது சாயம் போட்டுது” என்று கொமன்றில் நடக்கும் ஊடல் மருதம். ‘எங்களை ஏன் ஒருவரும் பகிர்வதில்லை?’ என்று கடைக்காரர் கரையில் நின்று இரங்குவது நெய்தல். பிறகு பாலை, அதன் உரிப்பொருள் பிரிதல். குடாநாட்டில் மலையே இல்லை, குறிஞ்சி எங்கிருந்து வந்தது என்று கேட்பவர்களுக்கு: அதனால்தான் அது ஒரு நாளில் முடிந்துவிடுகிறது. வெயிலில் நீர் வற்றினால் காடும் மலையும் தம் இயல்பு கெட்டுப் பாலையாகிவிடும் என்பது இளங்கோவடிகள் கருத்து. மச்சானின் பக்கம் பாலையாகிப் பதினெட்டு மாதம்.

அடுத்து வரலாறு. ஊருக்குச் செய்தியைத் தவறாமல் கொண்டுபோகும் பழக்கம் யாழ்ப்பாணத்துக்குப் புதிதல்ல. அமெரிக்க மிஷனரிமார் ‘உதயதாரகை’யைத் தொடங்கியது 1841 தை மாதத்தில். 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் மின்சாரம் இல்லை, பற்றரி இல்லை, அச்சுத்தாளும் இல்லை. கோடு போட்ட கொப்பித் தாளிற்கூடப் பத்திரிகை வந்தது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைச் சுற்றி, டைனமோவில் றேடியோ கேட்ட சனம் இது. ஒருவர் சுற்ற ஒன்பது பேர் செய்தி கேட்டார்கள். சுற்றுபவர் களைத்தால் செய்தியும் களைத்தது. அந்தத் தலைமுறையில் பிறந்த மச்சான், மேசையில் வைஃபை இருக்க, “நேரம் இல்லை அத்தான்” என்கிறார்.

அரசே வாயடைத்த நாட்களைக் கணக்கில் எடுக்க வேண்டும் என்பதை ஏற்கிறேன். 2018 மார்ச்சில் கண்டிக் கலவரத்தின்போதும், 2019 ஏப்ரலில் ஈஸ்டர் ஞாயிற்றுக் குண்டுவெடிப்புகளுக்குப் பின்னும், 2022 ஏப்ரல் 3ஆம் திகதியும் சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டன. மூன்றும் மச்சானின் மௌனத்துக்கு முந்தியவை; சலுகையாக ஒன்றாகக் கூட்டிக் கழித்தாலும் ஒரு மாதம் வராது. மிச்சப் பதினேழு மாதத்துக்கும் மச்சானே பொறுப்பு.

இனி இவ்வாய்வின் முதன்மைப் பங்களிப்பான முற்றக் கோட்பாடு. எங்கள் ஊரில் ஒரு வீட்டில் ஆள் இருக்கிறதா என்று அறிய ஒருவரும் கதவைத் தட்டுவதில்லை. படலைக்கு வெளியே நின்று எட்டி முற்றத்தைப் பார்ப்பார்கள். காலையில் விளக்குமாறு போன கீற்றுகள் மண்ணில் தெரிந்தால் ஆள் உண்டு. மாவிலையும் பலாவிலையும் சருகாகிக் கிடந்தால், “அவை வெளிக்கிட்டிட்டினம் போல” என்று சொல்லிக்கொண்டு போய்விடுவார்கள். எங்கே வெளிக்கிட்டார்கள் என்று கேட்கத் தேவையில்லை. நாற்பது வருஷமாக யாழ்ப்பாணத்தில் கூட்டாத முற்றத்துக்கு ஒரே பொருள்தான்: கனடா, லண்டன், பாரிஸ், சூரிச். மற்ற ஊர்களில் அசையாத வணிகப் பக்கத்தைப் பார்ப்பவர் கடை நட்டப்பட்டுப் பூட்டிவிட்டது என்று எண்ணக்கூடும். இங்கே கடைக்காரருக்கு விசா கிடைத்துவிட்டது என்று எண்ணுகிறார்கள். சோதனைக்காக யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் ஒரு மாமியிடம் மச்சானின் பக்கத்தைக் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டு உற்றுப் பார்த்தார். “உவர் எப்ப போனவர்? பெண்சாதி பிள்ளையளும் போட்டினமோ?” என்றார். அந்த நேரம் மச்சான் கடை வாசலில் நின்று தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு நாளும் தெளிக்கிறார், சாம்பிராணி காட்டுகிறார், பழைய சாவியைக் கண்ணில் ஒற்றுகிறார். ரொறன்ரோவிலிருந்து எட்டிப் பார்ப்பவருக்கு அந்தத் தண்ணீர் தெரியாது. சருகுதான் தெரியும்.

மச்சானின் மறுப்பு இது: “கடைக்குச் சனம் வருகுதுதானே, பேந்து என்னத்துக்கு உது?” சனம் வருவது உண்மை. ஆனால் இன்றைய யாழ்ப்பாணக் கலியாணத்தின் புவியியலைப் பாருங்கள். பொம்பிளை கொக்குவிலில், மாப்பிள்ளை பாரிஸில், காசு கட்டும் தமையன் லண்டனில், நிறம் சரியில்லை என்று சொல்லப்போகும் பெரியம்மா ரொறன்ரோவில். கோடை காலத்தில் ரொறன்ரோ நமக்கு ஒன்பதரை மணித்தியாலம் பின்னால். மச்சான் இரவு ஏழு மணிக்குக் கதவை இழுத்து மூடும்போது பெரியம்மாவுக்குக் காலை ஒன்பதரை. அப்போதுதான் கோப்பியோடு போனைத் தூக்குகிறார். அந்த நேரத்தில் அவருக்காகத் திறந்திருக்கக்கூடிய ஒரே படலை அந்தப் பக்கம்தான். பழைய வீடுகளில் வழிப்போக்கர் இளைப்பாறக் கூரை போட்ட சங்கடப்படலை இருந்தது, பானையில் தண்ணீரும் இருந்தது. மச்சானின் படலையிலும் பானை இருக்கிறது, அதைத்தான் முதலிற் சொன்னேனே.

பதில் சொல்வதும் கூட்டுவதில் அடக்கம். ஒரு காலத்தில் முகநூல் நிறுவனம், ஏழு நாளில் வந்த செய்திகளில் 90 வீதத்துக்காவது, சராசரி 15 நிமிடத்துக்குள் பதில் சொன்ன பக்கங்களுக்குப் பச்சை முத்திரை கொடுத்தது. நம் கடைகள் பலவற்றின் மரபு வேறு: “விலைக்கு இன்பொக்ஸ்.” பாசையூர்க் கரையில் மீன் ஏலம் கூறுகிறவர் ஊர் முழுக்கக் கேட்க விலையைக் கத்துகிறார். பாரைக்கு இல்லாத இரகசியம் பட்டுச்சேலைக்கு ஏன் என்பது தனி ஆய்வேட்டுக்குரியது.

இதைப் படித்துவிட்டு எவரும் நாளுக்குப் பதினொரு போஸ்ற் போடத் தொடங்கிவிடக் கூடாது. இங்கேதான் கிணறு வருகிறது. இறைத்த கிணறு ஊறும் என்ற பழமொழியைச் சொன்னவர் குடாநாட்டில் தோட்டம் செய்யாதவராக இருக்க வேண்டும். எங்கள் நிலம் சுண்ணாம்புக்கல். மழைத் தண்ணீர் அதன் வெடிப்புகளில் இறங்கி, அடியிலுள்ள கடல்நீரின் மேல் ஒரு வில்லைபோல மிதக்கிறது. நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீர், ஆழத்தில் உவர். ஒல்லாந்தரான கைபன், ஜேர்மானியரான ஹேர்ஸ்பேர்க் என்ற இருவர் கண்ட விதிப்படி, கடல்மட்டத்துக்கு மேல் ஓர் அடி நன்னீர் நின்றால் கீழே ஏறக்குறைய 40 அடி நிற்கும். மேலே ஓர் அடியை அவசரப்பட்டு இறைத்தால், கீழிருந்து உவர் அந்தக் கணக்கில் ஏறிவரும். துலா மிதித்த காலத்தில் மனிதக் கால் களைத்ததால் கிணறு பிழைத்தது. மோட்டர் பம்பு வந்தபின் பல தோட்டங்களின் தண்ணீர் கரித்தது.

போஸ்ற்றுக்கும் இதே நீரியல். ரோசாப்பூவோடு காலை வணக்கம், தத்துவம், நடிகரின் பிறந்தநாள், மறுபடி ரோசாப்பூ என்று இறைப்பவரின் பக்கத்தைப் பெரியம்மா ஒரு நாள் விரலால் ஒதுக்கிவிடுவார். அதன்பின் நல்ல சேலை போட்டாலும் கரிக்கும். என் கணிப்பில் கிழமைக்கு இரண்டு மூன்று துலா போதும்: இன்று வந்த சேலை, அதன் விலை, நல்லூர்த் தேரன்று கடை திறப்போ பூட்டோ. 2022 தட்டுப்பாட்டில் காஸ் வந்ததா, பெற்றோல் வந்ததா என்று சனம் போனைத் தடவிக்கொண்டிருந்தபோது, ‘வந்திட்டுது’ என்று ஒரு வரி போட்ட கடையை ஊர் இன்னும் மறக்கவில்லை.

அளவைவிட நேரம் முக்கியம் என்பதற்கு நல்லூர்க் கந்தனே சான்று. அந்தக் கோயிலின் பூசை மணியைக் கேட்டு வீட்டுக் கடிகாரத்தைத் திருத்தியவர்கள் உண்டு. திருவிழா 25 நாள். ஆனால் மற்ற நாட்களிலும் அதே நேரத்துக்கு மணி அடிக்கிறது. நம் கடைகளோ அந்த 25 நாளும் மணிக்கொரு படம் போட்டுவிட்டு, பூங்காவனத்தோடு உறங்கிவிடுகின்றன.

இக்கட்டுரையின் முதற்படியை மச்சானுக்கு வாசித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டார். நிலாவரைப் பகுதியில் ஒருமுறை கொட்டாவி விட்டார். இரவு கடை பூட்டியபின் போனை எடுத்து, பதினெட்டு மாதத்துக்கு முந்திய அந்தக் கொமன்றுக்குப் பதில் எழுதினார்: “வணக்கம் அம்மா. கூறைச்சேலை இருக்கு.”

ரொறன்ரோவில் காலை. ஐந்து நிமிடத்தில் பெரியம்மா எழுதினார்: “நீங்கள் ஊரிலைதான் இருக்கிறியளோ தம்பி? நான் போட்டியள் எண்டு நினைச்சன். கலியாணம் போன வருஷ வைகாசியிலையே முடிஞ்சுது. பேரனுக்கு முப்பத்தோராம் நாள் வருகுது. பிள்ளைச் சட்டை இருக்கோ, என்ன விலை?”

மச்சான் என்னைப் பெருமையோடு பார்த்துவிட்டு அடித்தார்: “விலைக்கு இன்பொக்ஸ்.”