பத்தாம் பாகத்தைத் திட்டுவது எப்படி?

ஒரு நாவலை முழுதாகப் படித்த பிறகுதான் திட்ட வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. ஆனால் போர்க்கள அறிவியல் புனைகதையைச் சுவா சூ காங்கில் திட்டுவதென்றால் கொஞ்சம் ஜாக்கிரதை வேண்டும். காப்பிக்கடையில் பக்கத்து மேசைக்காரர் தேசிய சேவை முடித்தவராக இருப்பார். தெங்கா தளத்துப் போர் விமானம் தலைக்கு மேல் இரைந்தால் வாக்கியத்தை நடுவில் நிறுத்தி, இரைச்சல் போனதும் அதே சொல்லிலிருந்து தொடரப் பழகியவர். அவரிடம் விண்வெளிக் கடற்படையைப் பற்றி அளந்துவிட்டால் பிடிபட்டுவிடுவீர்கள்.

திட்டுவதற்குக் கனமான புத்தகமாக எடுங்கள். என் சிபாரிசு, டேவிட் வெபரின் ‘வார் ஆஃப் ஆனர்’. ஆனர் ஹாரிங்டன் வரிசையில் பத்தாவது, 2002-இல் வந்தது, எண்ணூறு பக்கத்துக்கு மேல். எந்த நூலகக் கிளையில் எடுத்தாலும் தவணை 21 நாள்தான். லிட்டில் இந்தியாவுக்கு மளிகை வாங்கப் போகிறவர்கள், நியூட்டனில் ரயில் மாறும்வரை நல்ல ஓட்டத்தில் படிக்கலாம். உட்கார இடம் கிடைத்தால் மட்டும். நின்றுகொண்டு ஒரு கையில் பிடிக்கிற சாமான் இல்லை இது.

முந்தைய ஒன்பதையும் படிக்காதவர்களுக்கு ஒரு வரிச் சுருக்கம்: நெப்போலியன் காலத்து இங்கிலாந்தும் பிரான்சும் நட்சத்திர மண்டலங்களில் மோதுகின்றன, ஃபாரஸ்டர் எழுதிய ஹார்ன்பிளோயர் கதைகளின் கப்பல் தலைவன் இங்கே ஆனர் என்ற பெண்ணாகியிருக்கிறார். அவர் தோளில் நிமிட்ஸ் என்றொரு ஆறு கால் மரப்பூனை. மனிதர் மனநிலையை உணரும், செலரித் தண்டுக்கு உயிரை விடும். (வீவக வீட்டில் 2024 செப்டம்பர்வரை பூனையே வளர்க்கக் கூடாது. ஆறு கால் பூனையைப் பற்றி அதிகாரியிடம் கேட்டுப் பார்க்க எனக்குத் தைரியமில்லை.)

சரி, திட்டத் தொடங்குவோம். “இதோட நிறுத்திட்டேன்” என்று முதலிலேயே அறிவித்துவிடுவது மரபு. அடுத்து, “சண்டையே இல்லண்ணே, முழுக்க மீட்டிங்தான்” என்று சொல்லுங்கள். ஆதாரம் ஏராளம். ஆனரின் நாடான மாண்டிகோருக்கும் எதிரியான ஹேவனுக்கும் போர்நிறுத்தம். ஹை ரிட்ஜ் பிரபுவின் அரசாங்கம் கடற்படைச் செலவை வெட்டுகிறது. ஆனரையும் வைட் ஹேவன் பிரபுவையும் இணைத்து வம்பு கிளப்புகிறார்கள். ஹேவனின் அமைச்சர் ஒருவர் இரு நாடுகளுக்கிடையே போகிற கடிதங்களில் கைவைக்கிறார். அந்தத் திருட்டுக் கடிதங்களால் போர் மறுபடி மூள்கிறது. அதற்குள் புத்தகம் முடியப்போகிறது.

இங்கேதான் மேசைக்காரர் குறுக்கிடுவார். “ஏன் தம்பி, கேம்ப்ல மட்டும் தினமும் சண்டையா போட்டோம்? வரிசையில நின்னோம், கையெழுத்துப் போட்டோம், லாரிக்குக் காத்திருந்தோம்.” இதற்குப் பதில் கிடையாது. தெக்கோங் தீவில் பயிற்சி எடுத்தவரிடம் ராணுவம் என்றால் வெடியும் புகையும்தான் என்று வாதாடி யாரும் ஜெயித்ததில்லை.

உடனே முதல் பாகத்துக்குத் தாவிவிடலாம் என்று தோன்றும். “அந்தக் காலத்து வெபர் எப்படி எழுதுவார் தெரியுமா?” தயவுசெய்து வேண்டாம். 1993-இல் வந்த ‘ஆன் பேசிலிஸ்க் ஸ்டேஷன்’ அவருக்கும் ஞாபகம் இருந்தால் நீங்கள் தொலைந்தீர்கள். மேலிடத்துக்குப் பிடிக்காமல் ஒதுக்குப்புறத்துக்கு அனுப்பப்பட்ட ஆனர், அதில் வெகுநேரம் சுங்கச் சோதனைதான் செய்கிறார். ஆள் பற்றாக்குறை, கடத்தல் சரக்கு, வியாபாரிகளின் புகார். உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடியை விண்வெளியில் தூக்கி வைத்ததுபோல. அதைத்தான் நாமெல்லாம் விடிய விடிய படித்தோம். இன்னும் மோசம், கடைசித் துரத்தலில் ஆனரின் கப்பல் ‘ஃபியர்லெஸ்’ எதிரிக் கப்பலை நெருங்கும்போது ஆசிரியர் கதையை நிறுத்திவிட்டு, அதிவெளிப் பயணம் வளர்ந்த வரலாற்றைப் பக்கம் பக்கமாகப் பாடம் எடுக்கிறார். பத்தாம் பாகத்தின் நோய் முதல் பாகத்திலேயே குடியிருந்தது. அன்று ஆனர் ஒரு கப்பலின் தலைவி. இன்று அட்மிரல், சீமாட்டி, பிரபுக்கள் சபை உறுப்பினர். பதவி உயர்ந்தால் மீட்டிங்கும் கூடத்தானே செய்யும்?

உண்மையில் திட்ட வேண்டிய இடம் வேறு. ஆனரை எதிர்க்கிற அரசியல்வாதி யாராக இருந்தாலும் பேராசைக்காரர், கோழை, அல்லது முட்டாள். ராணுவச் செலவைக் குறைக்கலாம் என்று யோக்கியமாக நினைக்கிற புத்திசாலி ஒருவரையாவது ஹை ரிட்ஜ் பக்கம் உட்காரவைத்திருந்தால், அந்த மீட்டிங்குகளே போர்க்களமாகியிருக்கும். எதிரி நாடான ஹேவனுக்கு நல்ல மனிதர்களைத் தாராளமாகக் கொடுத்த வெபர், சொந்த நாட்டு எதிர்த்தரப்புக்குக் கஞ்சத்தனம் காட்டிவிட்டார். ஆனால் இந்தக் கருத்தைக் காப்பிக்கடையில் வெளியிடாதீர்கள். நேரே வரவுசெலவுத் திட்டத்துக்கும் தற்காப்புச் செலவுக்கும் பேச்சு திரும்பிவிடும், கோப்பி ஆறிவிடும்.

பேச்சு தொய்ந்தால் கையிருப்பில் ஒரு சேதி. பதினொன்றாம் பாகமான ‘அட் ஆல் காஸ்ட்ஸ்’ 2005-இல் வந்தது. 1805-இல் டிரஃபால்கரில் நெல்சன் இறந்ததுபோல ஆனரும் அந்தப் பாகத்தின் பெரும்போரில் இறப்பதாகத்தான் வெபர் முதலில் திட்டமிட்டிருந்தார். சக எழுத்தாளர் எரிக் ஃபிளிண்ட் அதே உலகில் எழுதிய கதையால் பிற்காலத்துக்கு வைத்திருந்த நிகழ்வுகள் முன்னதாக வந்துவிட, ஆனர் பிழைத்துக்கொண்டார். சொன்னால் மேசையே நிமிர்ந்து உட்காரும். ஆனால் கதைக்குள் ரொம்பவும் போய்விடாதீர்கள். அந்தப் போர் எந்தப் பக்கத்தில் தொடங்குகிறது, யார் கப்பல் முதலில் போகிறது என்றெல்லாம் விவரித்தீர்களானால், பத்தோடு நிறுத்திவிட்டதாக அரைமணி முன்னால் சொன்னவர் யார் என்று கேட்பார்கள்.