ஊருக்குப் போயி கடுதாசி போடுதோம்

வா ராசா, இப்படித் திண்ணையில உக்காரு. மொகம் ஏன் மழையில நனைஞ்ச வத்தல் கணக்கா இருக்கு? வேல கெடைக்கலையா? இல்லன்னு சொல்லிட்டாகளா? அதையும் சொல்லலையா? அப்ப சரி. எம் பேரனுக்கு வந்த சீக்குதான் உனக்கும். கேளு.

நான் கைநாட்டு. ஆனா கோவில்பட்டிக் கரிசல்ல ஆள் கூப்பிடப் போனவன், ஆளாவும் போனவன். பேரன் இஞ்சினியரிங் முடிச்சிட்டு மெட்ராசுல ஒரு கம்பெனிக்கு மனுப் போட்டான். ரெஸ்யூமேன்னு ஒரு தாளு. நாலு தடவ திருத்தி அடிச்சு ஏத்துனான். ஏத்துன பொறவு அதுல இருக்க அம்புட்டையும் கட்டம் கட்டமா மறுபடி அடின்னு கேக்கு. "எலேய், தாளுதான் குடுத்தாச்சே?"ன்னேன். "அது அப்படித்தான் தாத்தா"ங்கான். மொய் எழுதிட்டுப் பந்தியில உக்காந்தவன எழுப்பி, "இன்னொருக்கா எழுது"ன்னா நீ சும்மா இருப்பியா?

அந்தத் தாள மொதல்ல மெசினு படிக்குமாம். அதுவும் சும்மா படிக்காது. அமேசான்காரன் இப்படி ஒரு மெசின் செஞ்சு, பத்து வருசமா வந்த பழைய மனுவ எல்லாம் அதுக்குப் படிக்கக் குடுத்தானாம். பழைய மனு முக்காலும் ஆம்பளைக போட்டது. மெசினு என்ன கத்துக்கிட்டுது தெரியுமா? தாள்ல பொம்பளைக சங்கம், பொம்பளைக காலேசுன்னு கண்டா மார்க்கக் கொறச்சுது. சரிக்கட்டிப் பாத்து முடியாமக் கடைசியில கடைய மூடிட்டானாம். 2018-ல ராய்ட்டர்ஸ் செய்தியில வந்துதுன்னு பேத்தி வாசிச்சுக் காட்டுனா. எங்க ஊர்ப் பழைய பண்ணையாருக்கும் இதே புத்திதான். அவருக்குக் கரண்டு மட்டும் வேண்டியதில்ல.

மெசினு தாண்டி அஞ்சு சுத்து. சாமி தேரே நாலு வீதியச் சுத்திட்டு நிலைக்கு வந்துரும். இவனுக்கு அஞ்சு! ஒரு சுத்துல எதிர்ல ஆளே கெடையாது. திரையில கேள்வி வரும். இவன் தன் மூஞ்சியவே பாத்துப் பதில் சொல்லணும். சொந்த ரூம்புல கதவச் சாத்திக்கிட்டு, டை கட்டிக்கிட்டு, தனியா சிரிச்சுச் சிரிச்சுப் பேசுதான். கதவிடுக்குல பாத்த எம் பொஞ்சாதி வேப்பங்கொலையோட வந்துட்டா.

இன்னொரு சுத்துல, "மெட்ராசுல எத்தன பெட்ரோல் பங்கு இருக்கு?"ன்னு கேட்டாகளாம். இவன் போனது கம்ப்யூட்டர் வேலைக்கு. இந்த மாதிரிப் புதிர்க் கேள்விக்கு ஒரு காலத்துல பேர்போன கம்பெனி கூகுள். அங்க ஆள் எடுக்கதுக்குத் தலைமையா இருந்த லாஸ்லோ பாக் 2013-லயே சொல்லிட்டாராம்: இதெல்லாம் வெட்டி வேல, கேக்கவன் தன்னக் கெட்டிக்காரன்னு நெனைச்சுக்கத்தான் ஒதவும்னு. அவுக குப்பையில போட்டத நம்ம ஆளு பொறுக்கித் தொடச்சு வச்சிருக்கான்.

பொறவு, "உங்ககிட்ட உள்ள கொற என்ன?" இதுக்குன்னு பாடமே நடத்துதாகளாம். "நான் ரொம்ப வேல செய்வேன், அதான் கொற"ன்னு சொல்லணுமாம். மாட்டுத்தாவணியில ஒருத்தன், "எம் மாட்டுக்கு ஒரே கொற அய்யா, ராத்திரியும் உழணும்னு ஒத்தக்கால்ல நிக்கும்"னா நீ வாங்குவியா, இல்ல சிரிப்பியா?

மாடு எப்படி வாங்குவோம்? வாயப் பிளந்து பல்லப் பாப்போம், ரெண்டா நாலான்னு. சுழி பாப்போம். நடக்க விட்டுப் பாப்போம். தோதுப்பட்டா ஏரப் பூட்டி ரெண்டு சால் ஓட்டிப் பாப்போம். பொறவு துண்டுக்குள்ள வெரலப் பிடிச்சு வெல பேசுவோம். வேலைய வேலையால பாக்கணும். எங்க ஊர்க் கடலமிட்டாய்க்கு 2020-ல புவிசார் குறியீடு குடுத்தாக. அந்தப் பட்டறையில பாகு காய்ச்ச ஆள் வேணும்னா என்ன செய்வாக? "அஞ்சு வருசம் கழிச்சு உன்ன எங்க பாக்க?"ன்னா கேப்பாக? கொதிக்க பாகுல ஒரு சொட்டத் தண்ணியில விடச் சொல்லுவாக. எடுத்து ஒடிச்சுப் பாப்பான். சடக்குன்னு ஒடியணும். இழுத்தா பதம் வரல. அது தெரிஞ்சவன் நாளைக்கு வேலைக்கு வருவான், தெரியாதவன் இப்பவே வீட்டுக்குப் போவான். அம்புட்டுத்தான்.

"இவுகளும் வேல குடுத்துப் பாத்தாகளே தாத்தா"ன்னு நீ கேப்ப. குடுத்தாக. மூணு நாள் வேல. பேரன் ராத்தூக்கம் இல்லாம ஏதோ ஒரு ஆப்பு முச்சூடும் எழுதி அனுப்புனான். ரெண்டு சால் ஓட்டிப் பாக்கது சோதன. மூணு நாள் முழுக்காட்டையும் உழுது முடிச்சிட்டு, "மாடு எங்களுக்குத் தோதில்ல, ஓட்டிட்டுப் போ"ன்னா உழவுக் கூலி யாரு குடுப்பா?

கடைசிச் சுத்துக்கு நேர்ல கூப்பிட்டாக. அவுக அம்மா கடலமிட்டாய் கட்டிக் குடுத்தா, மச்சான்கிட்ட இரவல் சூ. நெல்லை எக்ஸ்பிரஸ்ல ஏறிக் காலையில எழும்பூர்ல எறங்குனான். அங்கருந்து ஓஎம்ஆர் ரோட்டுக்கு ரெண்டு பஸ்ஸு. கழுத்துல ஒரு அட்டையத் தொங்கவிட்டாகளாம், விருந்தாளின்னு. விருந்தாளிக்கு மூணு மணி நேரம் பச்சத்தண்ணி குடுக்க ஆள் இல்ல. பொறவு ஒரு பிள்ள வந்து, "நாங்கல்லாம் ஒரே குடும்பம்"னுச்சாம். குடும்பம்னதுமே எனக்குச் சந்தேகம். கூலி பேசும்போது எவனாவது சொந்தம் கொண்டாடுனா மடியத் தொட்டுப் பாத்துக்கணும் ராசா.

"சொல்லி அனுப்புதோம்"னாக. அதோட சரி. ஒரு மாசம், ரெண்டு மாசம். இவன் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்துல போன வச்சுக்கிட்டே திங்கான். மெயில் போட்டான். வேற ஒரு மெயில் வந்துது, இந்த விலாசத்துக்குப் பதில் போடாதீகன்னு.

பொண்ணு பாக்க வந்தவுக பஜ்ஜி சொஜ்ஜி தின்னுட்டு, "ஊருக்குப் போயி கடுதாசி போடுதோம்"னு கெளம்புவாகள்லா? அவுகளும் நேர்ல சொல்ல வெக்கப்பட்டவுகதான். ஆனா எட்டு நாள்ல தரகன் வந்து, "சாதகம் சேரலையாம்"னு சொல்லிட்டுப் போவான். பொய்தான். அந்தப் பொய்யச் சொல்ல வெயில்ல நடந்து வந்தான் பாரு, அது மரியாத. பொண்ணப் பெத்தவன் அடுத்த வரனப் பாப்பான்.

ஆள் எடுத்த பழைய கத ஒண்ணு கேளு. காஞ்சிபுரத்துக்கு டூர் பஸ்ஸுல போனப்ப, உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில்ல ஒரு வாத்தியார் செவத்துக் கல்வெட்ட வாசிச்சாரு. பராந்தக சோழன் காலமாம், ஆயிரத்து நூறு வருசம் ஆச்சு. ஊர்ச் சபை வாரியத்துக்கு ஆள் எடுக்க வெதி. வயசு முப்பத்தஞ்சுக்கு மேல, எழுவதுக்குள்ள. வரி கட்டுத கால் வேலி நெலம், சொந்த மனையில வீடு, வேதப் படிப்பு. மூணு வருசத்துக்குள்ள வாரியத்துல இருந்தவன் வரப்பிடாது. இருந்தப்ப கணக்குக் காட்டாதவன் வரப்பிடாது, அவன் சொந்தக்காரனும் வரப்பிடாது. பேர ஓலையில எழுதிக் கொடத்துல போட்டு, சின்னப் பையன விட்டு எல்லார் முன்னாலயும் எடுக்கச் சொல்லணும். என்னைய மாதிரி ஆள வாசல்லயே நிறுத்தியிருப்பாக. நல்ல ஏற்பாடுன்னு நான் சொல்லல. ஆனா எதுக்கு நிறுத்துனாகன்னு கல்லுல வெட்டி வச்சிருக்காகள்லா? ஓஎம்ஆர்க் கண்ணாடிக் கட்டடத்துல அம்புட்டுச் செவரு இருக்கு.

நானும் ஒண்ணும் யோக்கியன் இல்ல. ஒரு வெதப்புக்கு ஒருத்தன வரச் சொல்லிட்டு, வேற ஆள் அமைஞ்சதும், "நாளைக்கு வா, நாளைக்கு வா"ன்னு மூணு நாள் நடத்துனேன். மூணாம் நாள் எம் பொஞ்சாதி அவனுக்குக் கஞ்சி ஊத்தி, "உனக்கு இங்க வேல இல்ல அய்யா, கயத்தாறு பக்கம் போய்ப் பாரு"ன்னா. எனக்கு அன்னைக்கு ராத்திரி கஞ்சி இல்ல.

அதனால, அடுத்த கம்பெனிக்குப் போனா எந்திரிக்கும்போது ஒண்ணு கேளு: "எந்தத் தேதிக்குள்ள சொல்லுவீக?" அந்தத் தேதி தாண்டுனா இல்லன்னு எழுதிக்கிட்டு அடுத்த வேலையப் பாரு. ஒரு நாளைக்கு மேல சும்மா வேல செய்யச் சொன்னா, "கூலி எம்புட்டு?"ன்னு வாய் விட்டுக் கேளு. பேரனும் இப்ப திருநெல்வேலியில ஒரு சின்னக் கம்பெனியில இருக்கான். ஒரே நாள்ல பாத்தாக, ரெண்டாம் நாள் சொல்லிட்டாக.

போன வாரம் அந்த மெட்ராஸ் கம்பெனியில இருந்து மெயில் வந்துது. அஞ்சு மாசம் கழிச்சு! வேலையப் பத்தி ஒரு சொல்லு இல்ல. "எங்க நேர்காணல் அனுபவம் எப்படி இருந்துது? பத்துக்கு எத்தன மார்க்கு போடுவீக?"ன்னு கேட்டிருக்கு. பேரன் என்னையப் பாத்தான். "எலேய், எம் பெருவெரல எங்கன வைக்கணும்?"னு கேட்டேன். சிரிச்சுக்கிட்டே ஒண்ணத் தட்டி, கீழ என்னமோ எழுதி அனுப்புனான்.

அதுக்கும் இன்னும் பதில் வரல.