மைனஸ் ஒன்று

கம்பத்தில் விடியுமுன்னே ஜீப் கிளம்பிவிடும். உள்ளே பதினைந்து பேர். கம்பம்மெட்டு ஏறி, ஏலத்தோட்டத்தில் வேலை பார்த்து, பொழுது சாயத் திரும்ப வேண்டும். இருபது வருடம் அப்படிப் போய்வந்த ஒருவர் வீடு கட்ட நினைத்தார். கைமாத்து வாங்கி அறியாதவர். மளிகைக்கடை நோட்டில்கூட அவர் பெயர் கிடையாது.

வங்கியில் கம்ப்யூட்டரைத் தட்டினார்கள். சிபில் ஸ்கோர் 300-லிருந்து 900 வரை போகும். இவருக்கு மைனஸ் 1. கடன் வரலாறே இல்லை என்று அர்த்தமாம். யாருக்கும் பாக்கி வைக்காதவன் பூஜ்யத்துக்கும் கீழே!

வாசலில் ஏஜென்ட் வழி சொன்னார்: "ஒரு செல்போன் தவணைல எடுங்கண்ணே. ஆறு மாசம் கட்டிட்டு வாங்க." கடன்காரன் ஆனால்தான் கடன்.

சம்பளச் சீட்டு கேட்டார்கள். தோட்டத்தில் கூலியைக் கையில்தான் கொடுப்பார்கள். வருமான வரிக் கணக்கு? வரி கட்டுகிற அளவுக்கு வந்தால் ஏன் ஜீப்பில் தொங்குகிறார்? பட்டா, முப்பது வருட வில்லங்கம், தாய்ப்பத்திரம் எல்லாம் கொடுத்தார். பத்திரத்தில் தாத்தா கருப்பையா. பட்டாவில் கருப்பய்யா. இருவரும் ஒருவரே என்று வி.ஏ.ஓ. எழுதித் தர வேண்டுமாம். கிழவர் செத்து நாற்பது வருடம். வி.ஏ.ஓ. பிறந்ததே அதற்குப் பிறகு.

வக்கீல் கருத்துக்குக் காசு. மதிப்பீட்டாளருக்குக் காசு. பிராசஸிங் என்று இன்னொரு காசு. கடன் இல்லை என்று தெரிந்துகொள்ளவே இவ்வளவு செலவு.

விஜய் மல்லையாவுக்குக் கடன் வரலாறு இருந்தது. நிறையவே இருந்தது. பெயரில் எழுத்துப்பிழையும் பார்க்கவில்லை. அவருடைய விமான நிறுவனத்தின் கிங்ஃபிஷர் என்ற பெயரையே வங்கிகள் அடமானமாக வாங்கிக்கொண்டன. 2016 மார்ச் 2-இல் சுமார் 9,000 கோடி பாக்கியோடு அவர் விமானம் ஏறினார். மறுமாதம் அந்தப் பெயரை வங்கிகள் ஏலம் விட்டன. ஆரம்ப விலை 366.70 கோடி. கேட்க ஒரு ஆள் வரவில்லை. ஏலம் என்றால் என்னவென்று போடி ஏலக்காய் வியாபாரிகளிடம் விசாரித்திருக்கலாம்.

முதல்முறை கடன் கேட்பவரை, வரலாறு இல்லை என்ற ஒரே காரணத்துக்காகத் தள்ளக்கூடாது என்கிறது ரிசர்வ் வங்கி. 2025 ஜனவரி 6-ஆம் தேதியிட்ட உத்தரவு. வங்கிக்குப் போகும்போது அதையும் ஒரு நகல் எடுத்துப் போங்கள். அதிலும் உங்கள் கையெழுத்துக் கேட்பார்கள், போட்டுக் கொடுங்கள்.