நூத்தியெட்டு உருப்படி

சிரிக்கலை மாப்ள. பாக்குத்தூள் தொண்டையில ஏறிருச்சு, அதான் செருமுனேன். பேத்தி வீட்டுக்கு வந்த எடத்துல மாப்பிள்ளையைப் பாத்துச் சிரிப்பேனா? நீங்க பாட்டுக்கு மிஷினைப் புடிங்க. நான் இப்பிடி ஓரமா உக்காந்து வேடிக்கை பாக்குறேன்.

ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கிறேன். அரை மணி நேரமா சன்னலுக்கு மேல ஓட்டை போடுறீக. ஓட்டை பூச்சைத் தாண்டி கால் இஞ்சு எறங்கலை. கீழ் வீட்டுக்காரம்மாதான் ரெண்டு தடவ மேல ஏறி வந்துட்டுப் போயிருச்சு. தீயிற வாசம் வேற. பேத்தி ரசத்தை அடுப்புல மறந்துருச்சோன்னு எட்டிப் பாத்தேன். ரசம் எறக்கி மூடி வச்சிருக்கு. வாசம் உங்க கையிலேருந்துதான் வருது. கீழ எறங்குங்க, ஸ்டூலும் ஆடுது. ஒரு டம்ளர் மோர் குடிச்சிட்டுப் பேசுவோம்.

பெட்டி நல்ல பெட்டி. அதுல குத்தம் சொல்ல மாட்டேன். 108 உருப்படின்னு மூடியில பெருசாப் போட்டிருக்கான். எனக்கு 108-ன்னா ஆம்புலன்ஸு நம்பர்தான் ஞாபகத்துக்கு வருது, கெழவனுக்குக் கெட்ட புத்தி. நேத்து ராத்திரி நீங்க தூங்குனதுக்கப்புறம் எண்ணிப் பாத்தேன். வயசாயிருச்சு, தூக்கம் வர்றதில்ல. பிளக்கு 40, திருகாணி 40, தீக்குச்சி அளவுக்கு முனை 16. ஆச்சா, 96. மிச்சம் 12. அதுலயும் ஒண்ணு கொறைஞ்சுச்சு. பெட்டியையும் ஒரு உருப்படியாச் சேத்து எண்ணுனேன், கணக்கு நேராயிருச்சு. எங்க பக்கம் சீர் கொண்டுபோகயில தட்டு எண்ணிக்கை கூடணும்னு ஒரு தட்டுல ஒரே ஒரு தேங்காயை வச்சுத் தூக்கிட்டுப் போவாக. இதையும் அந்த வீட்டு ஆளுதான் அடுக்கியிருக்கணும்.

அந்தப் பிளக்கை எங்க ஊர்ல ராயல் பிளக்கும்பாக. ராசா வீட்டுச் சாமான் போலன்னு நானும் மரியாதையாத்தான் எடுத்து வப்பேன். அப்புறந்தான் தெரிஞ்சது, ராலிங்ஸுன்னு ஒரு இங்கிலீஷ்காரரு பேர்ல வந்த ராவல் பிளக்கு அது. நம்ம வாயில வந்து பட்டம் கட்டிக்கிருச்சு.

அத விடுங்க. நீங்க படிச்ச புள்ளை. சன்னலுக்கு மேல செங்கல்லு எப்பிடி நிக்கும், கீழ ஒண்ணுமில்லாம அந்தரத்துல? அங்கன லிண்டல் ஓடுது மாப்ள. கான்கிரீட்டு, உள்ள கம்பி படுத்திருக்கு. திரைச்சீலைக் கம்பி மாட்டுறவுக அம்புட்டுப் பேரும் மொதல்ல போயி அதுலதான் முட்டுவாக. சொவத்துல துளை போட்டா மொதல்ல பூச்சு, சாம்பலாத் தூள் வரும். அரை இஞ்சு, முக்கா இஞ்சு போனதுமே செவப்பாக் கொட்டுனா செங்கல்லு. அதுக்கப்புறமும் சாம்பலாவே வந்து, மிஷினு கையை ஒதறுனா கான்கிரீட்டு. தரையைப் பாருங்க, செவப்பு ஒரு பொட்டாவது இருக்கா?

உங்க மிஷினு மோசமில்ல. செங்கல் சொவத்துக்கு அது போதும். ஆனா அதோட அடி எப்பிடின்னு தெரிஞ்சுக்கங்க. உள்ள பல்லு வச்ச ரெண்டு தட்டு இருக்கு. ஒண்ணு மேல ஒண்ணு ஏறி எறங்கி அதிருது, அம்புட்டுதான். நீங்க தோள் குடுத்து அமுக்குனாத்தான் அந்த அடியும் விழும். எங்க பெரியப்பா ஒருத்தரு இருந்தாரு, கோவம் வந்தா பல்லை நறநறன்னு கடிப்பாரு, தெருவே அதிரும். யார் மேலயும் ஒரு அடி விழுந்ததில்ல. இது அவரு மாதிரி. கான்கிரீட்டுக்குன்னு ரோட்டரி ஹேமருன்னு ஒண்ணு இருக்கு. அதுக்குள்ள பிஸ்டன் காத்தை நெருக்கும். நெருங்குன காத்து ஒரு இரும்பு உருளையைத் தள்ளி பிட்டோட பின்னால உலக்கை போடுற மாதிரி இடிக்கும். அமுக்கவே வேணாம், புடிச்சிட்டு நின்னாப் போதும். அந்த பிட்டு வாலுல காடி வெட்டியிருக்கும், எஸ்.டி.எஸ்.ஸும்பாக. 1975-ல ஜெர்மனியில பாஷ் கம்பெனிக்காரன் கொண்டாந்தது. உங்க மிஷினு வாயில அது நிக்காது.

உடனே போனை எடுக்காதீக. வாங்கச் சொல்லலை. நூறு பேருக்கு எலை போட அண்டாவை வாடகைக்குத்தான எடுக்குறோம்? கல்யாணத்துக்கு ஆகும்னு வீட்டுல ஒண்ணு வாங்கி வச்சா, பெறகு அதுல தண்ணி புடிச்சு வைக்க வேண்டியதுதான். நாலு ஓட்டைக்கு ஒரு நாள் வாடகை போதும். இல்லாட்டி எலக்ட்ரிசியன் தம்பியைக் கூப்பிட்டு ஒரு காப்பித்தண்ணியும் குடுத்தா அவரே போட்டுட்டுப் போயிருவாரு. போடுறப்ப சுவிட்சுப் பெட்டிக்கு நேர் மேலயும் நேர் கீழயும் வேணாம்னு நீங்களே சொல்லுங்க. வயரு பைப்பு அங்கனதான் ஓடும்.

அந்த பிட்டைக் குடுங்க பாப்போம். இந்தா, பாருங்க. இது இரும்புக்கு உள்ளது மாப்ள. இதை வச்சா இம்புட்டு நேரம் சொவத்தோட மல்லுக்கட்டுனீக? சொவத்துக்கு உள்ளதுல முனையில கார்பைடு துண்டு ஒண்ணைத் தனியாப் பதிச்சு ஒட்ட வச்சிருக்கும், தண்டை விடக் கொஞ்சூண்டு அகலமா. நகத்தை வச்சு வழிச்சுப் பாத்தாலே தட்டும். இதுல அது இல்ல, நுனியும் மழுங்கி நீலம் பூத்துப்போச்சு. மலிவு உருக்கு நீலம் பாஞ்சா உசுரு போச்சுன்னு கணக்கு. பத்திரமா வச்சுக்கங்க, செடிக்கு முட்டுக் குடுக்கலாம்.

மூடியில இன்னொண்ணு பாத்தேன். 850 வாட்டு. அதைக் காட்டித்தான வாங்க வச்சாக? அது மிஷினு திங்கிற கணக்கு, செய்யிற கணக்கு இல்ல. எங்க கொட்டத்துல ஒரு மயிலைக்காளை கெடந்துச்சு. ரெண்டு மாட்டுத் தவிடு திங்கும், ஏர்ல பூட்டுனா படுத்துக்கும். அதுக்கு வாட்டு கூட.

ஒங்க மச்சினன் சொன்னதையும் கேட்டேன். வயரு மிஷினு பழைய காலம், பேட்டரியில வாங்குங்க, அதுலயும் 18 வோல்ட்டு வேணாம், 20 வோல்ட்டு வாங்குங்கன்னு. கெட்டிக்காரப் புள்ளை, என் பேரன்தான். ஆனா அந்த ரெண்டு பேட்டரியையும் பொளந்து பாத்தா உள்ள வரிசைக்கு அஞ்சு செல்லுதான். ஒரு செல்லுக்கு 3.6 வோல்ட்டுன்னு எழுதுனா 18. சார்ஜு ஏறி எறக்குன கையோட 4 வோல்ட்டுன்னு எழுதுனா 20. முழுசா நெறைஞ்சப்ப 4.2-ன்னு வச்சு 21-ன்னு போடுற மகராசனும் இருக்கான். அஞ்சு எருமை அஞ்சு எருமைதான், கறக்கும்போது எண்ணுனா என்ன, கறந்து முடிச்சு எண்ணுனா என்ன.

அதை விட முக்கியமானது வேற. ஒரு கம்பெனி பேட்டரி இன்னொரு கம்பெனி மிஷினுல பெரும்பாலும் ஏறாது. நீங்க மொத மிஷினு வாங்குறது சாமான் வாங்குறது இல்ல, சம்பந்தம் பண்றது. பெறகு ரம்பம், பம்பு, வெளக்கு எல்லாம் அந்த வீட்டுலதான் எடுத்தாகணும். அதனால பொண்ணைப் பாக்குறதுக்கு முன்னாடி வீட்டைப் பாருங்க. பேட்டரி தனியாக் கெடைக்குதா, நாலு வருசம் கழிச்சும் கெடைக்குமா, சர்வீஸு இந்த ஊர்லயே இருக்கா, இல்ல பெட்டி கட்டி டெல்லிக்கு அனுப்பணுமா? எங்க பம்புசெட்டு மோட்டாரு ரெண்டு தலைமுறை ஓடுனதுக்கு மோட்டாரு மட்டும் காரணமில்ல. காயில் கட்டுற கடை மானாமதுரையில இருந்துச்சு, சைக்கிள்ல வச்சுக் கட்டிக் கொண்டுபோயிருவேன்.

வயரு மிஷினுன்னா கார்பன் பிரஷ்ஷைப் பாருங்க. நல்ல மிஷினுல ரெண்டு பக்கமும் காசு மாதிரி மூடி இருக்கும். திருப்புளியால தெறந்தா பிரஷ்ஷு கையில வந்துரும், சொற்பக் காசுல மாத்திக்கலாம். மூடி இல்லாட்டி மேலோட்டை முழுசாக் கழட்டணும். உள்ள பொறி கூடுதலாத் தெறிச்சா மொதல்ல அதைத்தான் பாக்கணும். அது தெரியாம எம்புட்டு நல்ல மிஷினைப் பழைய இரும்புக்குப் போட்டுருக்கான் நம்மாளு.

கைச்சாமான் வாங்க என்னையக் கூட்டிட்டுப் போங்க. மானாமதுரையில பானையைத் தட்டிப் பாக்காம யாராவது காசு குடுப்பமா? ரசமட்டத்தைக் கடையிலயே மேசை மேல வச்சு குமிழி எங்க நிக்குதுன்னு பாருங்க. அப்பிடியே அதே எடத்துல தலைமாடு கால்மாடாத் திருப்பி வைங்க. குமிழி பழைய எடத்துலயே நிக்கணும். நகந்துச்சுன்னா மேசை கோணலா இருந்தாலும் குத்தம் மட்டத்து மேலதான். கடைக்காரன் ஒரு மாதிரியாப் பாப்பான். பாக்கட்டும். கட்டிங் பிளேயரை மூடி வெளிச்சத்துக்கு நேராப் புடிச்சா வெட்டுற வாயில கீத்து தெரியக் கூடாது. கைப்பிடியில ரப்பர் மாட்டிட்டா கரண்டுக்குக் காப்புன்னு நெனைக்காதீக. 1000 வோல்ட்டுன்னு போட்டு ரெட்டை முக்கோணம் அச்சடிச்சிருந்தாத்தான் அதுக்குன்னு செஞ்சது. அப்பயும் மெயினை அமத்திட்டுத் தொடுங்க, பேத்தி சின்னப் பொண்ணு.

அளக்குற டேப்பைப் பத்தி நீங்க கேக்காட்டியும் சொல்லியாகணும். போன தடவ வந்தப்ப பாத்தேன். நுனிக் கொக்கி லொடலொடன்னு ஆடுதுன்னு சுத்தியால ரெண்டு போடு போட்டு இறுக்கிட்டீக. அன்னிக்கே சொல்லியிருப்பேன், விருந்துக்கு வந்த எடத்துல வாயை மூடிக்கிட்டேன். அது ஆடணும் மாப்ள! ஆடுறது கொக்கியோட தடிப்பு அளவுக்கு. பலகை விளிம்புல மாட்டி இழுத்தா வெளிய நகரும், சொவத்துல முட்டி அளந்தா உள்ள போகும். ரெண்டு பக்கமும் அளவு சரியா வரணும்னு வேணும்னே ஆட விட்டது. நீங்க இறுக்குனதுக்கப்புறம் அடிச்ச அந்தச் செருப்பு ஸ்டாண்டு, ஒரு பக்கம் காலைத் தூக்கிக்கிட்டு நிக்குதே, நான் ஒண்ணும் சொல்லலை.

சுத்தியலுக்குப் பிடிதான். எங்க பக்கம் கருவேலங் கம்புல போடுவாக. நாட்டுக் கருவேலம், சீமை இல்ல. மரத்து ரேகை பிடி நீளத்துக்கு நேராப் போகணும், குறுக்க ஓடுனா ஒருநாள் தலை பறக்கும். இரும்பையும் பாக்கணும். திருப்பாச்சேத்தியில அருவா எடுக்கப் போனா, லாரிப் பட்டையில அடிச்சதான்னு கேப்போம். அவுகளும் ஆமான்னுதான் சொல்வாக. வாயை நம்புறதில்ல. சாணையில ஒரு தீட்டுத் தீட்டச் சொல்லுவோம். வெறும் இரும்புன்னா பொறி நீளக் கோடாப் போயி அணையும். உருக்குன்னா போற வழியில பூவாப் பிரியும், மத்தாப்பு மாதிரி. உங்க பெட்டியில இருக்கிற சுத்தியலையும் நேத்து வாசப்படிக் கல்லுல ஒரு தட்டுத் தட்டிப் பாத்தேன். மூஞ்சியில பள்ளம் விழுந்துருச்சு. கல்லு நல்ல கல்லு.

கிரைண்டரு வாங்கப் போறதா பேத்தி சொல்லுச்சு. இதுல மட்டும் கிண்டல் பண்ண மாட்டேன். 4 இஞ்சுத் தட்டு நிமிசத்துக்கு 11,000 சுத்து சுத்தும். விளிம்பு போற வேகம் மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல. அது மேல இருக்கிற தகரக் காப்பைக் கழட்டிட்டுப் பெரிய தட்டை மாட்டுறவன் இருக்கான், மரம் அறுக்குற பல்லுச் சக்கரத்தை மாட்டுறவனும் இருக்கான். அவன்கிட்ட வெரல் எத்தனைன்னு கேட்டுட்டு அப்புறம் யோசனை கேளுங்க. தட்டு நடுவுல இரும்பு வளையத்துல மாசம் வருசம் அடிச்சிருக்கும், மருந்து பாட்டில் மாதிரி. தேதி போனதைச் சல்லிசாத் தந்தாலும் வேணாம். பிசின் வலுக் கொறைஞ்சா ஓடுறப்பவே செதறும். கண்ணாடி போடுங்க. தோள்ல துண்டு வேணாம்.

துண்டை ஏன் சொல்றேன்னா, ஒரு தடவ வாசல் கேட்டு அறுக்கையில என் துண்டை அது புடிச்சுக்கிருச்சு. கண்ணை மூடித் தெறக்கிறதுக்குள்ள முழுத்துண்டும் மிஷினுல சுத்தி, அது என் தாடை வரைக்கும் ஏறி வந்துருச்சு. நல்லவேளை, இத்துப்போன துண்டு, கிழிஞ்சு விட்டுருச்சு. புதுத் துண்டு எடுத்துத் தர்றேன்னு ஒங்க அப்பத்தா, அதான் பேத்திக்கு, மூணு மாசமாச் சொல்லிக்கிட்டு இருந்தா. எடுத்துத் தந்திருந்தா இன்னிக்கு உங்களுக்குத் தொந்தரவு இல்லாமப் போயிருக்கும். இந்தா, தாடிக்குள்ள இந்தத் தழும்பு அதுதான்.

சரி, மிஷினு ஆறியிருக்கும். வாசம் போகலைன்னா காயில் கட்டுற கடையில ஒரு வார்த்தை கேட்டுப் பாப்போம். நாலு சாமான் போதும் உங்களுக்கு. ரெண்டாம் நம்பர் முனை திருப்புளி ஒண்ணு, பிளேயரு, சுத்தியலு, ஆடுற டேப்பு. மத்ததைத் தேவை வர வர ஒண்ணொண்ணா எடுத்துக்கலாம்.

இந்தப் பெட்டியை வெளிய போட்டுறாதீக, எனக்குக் குடுத்துருங்க. பாருங்களேன், வெத்தலைக்கு நீளமா ஒரு குழி, பாக்குக்கு வட்டமா ஒண்ணு, சுண்ணாம்பு டப்பாவுக்கு அளவெடுத்த மாதிரி இங்கன ஒண்ணு. பாக்குவெட்டி மட்டும் எடம் கொள்ளலை. அந்தச் சுத்தியலை எடுத்துட்டா உக்காந்துரும்.