ஆங்கில ஒப்பீட்டுப் பெயரடைகளில் ஒற்று இரட்டித்தல்: ஓர் ஆராய்ச்சி

ஒரு பொருளை மற்றொன்றோடு வைத்து நோக்கி, அதனினும் இது பெரிது, சிறிது என்று உரைக்கும் பெயரடையை ஒப்பீட்டு நிலை என்பர். ஆங்கிலக் குறுஞ்சொற்களில் 'அர்' விகுதியை ஒட்டினால் அது பிறந்துவிடும் என்று தோன்றினாலும், ஒட்டுமிடத்தில் எழுத்து கூடுமா, திரியுமா என்பதில் கற்றோரும் இடறுவதால் இப்பொருள் ஆராய்ச்சிக்கு உரியதாகிறது.

'பிக்' என்பதன் இறுதி 'ஜி' இரட்டித்தே 'பிக்கர்' ஆகும். ஒற்றை 'ஜி'யோடு விட்டால் அச்சொல் 'டைகர்' என்னும் புலிக்கு எதுகையாகிப் 'பைகர்' என்று வாசிக்கப்படும். 'ஹாட்டர்' என்பதில் ஒரு 'டி' குறைந்தாலோ, அது 'வோட்டர்' போல ஒலித்து, வெயிலைக் குறிக்க வந்த சொல்லில் தேர்தல் வாடை வீசும். குறில் நெடிலாக நீளாதவாறு காப்பதே இரட்டிப்பின் பணியாதலால், உயிர் முன்பே நீண்டுவிட்ட 'டீப்', 'சீப்' ஆகியவற்றுக்கு அக்காவல் வேண்டியதில்லை. தனிக்குறிலை அடுத்த ஒற்று, உயிர் வந்தால் இரட்டும் என்று 13ஆம் நூற்றாண்டிலேயே பவணந்தி முனிவர் நன்னூலில் விதித்திருக்கிறார். 'கல்' 'கல்லை' ஆவதும், 'நூல்' 'நூலை' என்றே அமைவதும் அவ்விதியால்தான். ஆகவே ரென், மார்ட்டின் இருவரின் இலக்கண நூலை வாங்கிப் படித்த தமிழ் மாணவர், வீட்டிலிருந்த சரக்கையே மறுபடியும் காசு கொடுத்து வாங்கியவராவர்.

'டபிள்யூ'வில் முடியும் 'ஸ்லோ' முதலியன இரட்டா. இரட்டைத் தன்மை பெயரிலேயே இருப்பதால் அவ்வெழுத்து மேலும் இரட்டக் கூசுகிறது என்று வாதிட இடமுண்டு. ஆயினும் அது அங்கே மெய்யாக ஒலியாமல் உயிரோடு கரைந்துவிடுவதே காரணம். மெய்யை அடுத்த 'ஒய்', 'ஹாப்பி'யில் போல 'ஐ'யாகத் திரியும்; உயிரை அடுத்ததாயின், 'கிரே'யில் போலத் திரியாது. கூச்சத்தைக் குறிக்கும் 'ஷை'யோ எந்தப் பக்கம் சேர்வது என்று கூசி நிற்க, அகராதிகள் இரு வடிவங்களையும் ஏற்றுக்கொண்டன. 'குரூயல்' பிரிட்டனில் 'எல்'லை இரட்டிக்கும். 1828இல் நோவா வெப்ஸ்டர் வெளியிட்ட அகராதியின் மரபைப் பின்பற்றும் அமெரிக்காவில் இரட்டிக்காதாகையால், அங்கே கொடுமை ஓர் எழுத்து இலேசானது.

இவற்றினும் ஆழ்ந்து நோக்கத்தக்கது 'லாங்கர்'. 'லாங்' என்னும்போது ஆங்கிலேயர் மூக்கில் அடங்கிக் கிடக்கும் 'ஜி', 'லாங்கர்' என்னும்போது வெளிப்பட்டுத் தெளிவாக ஒலித்தும் எழுத்தில் அதற்கென ஒன்றும் கூடுவதில்லை. 'பிக்கர்' என்பதிலோ இரண்டு எழுதி ஒன்றையே ஒலிப்பர். விடைத்தாளில் ஆசிரியரின் சிவப்பு மை தேடி வருவதும் ஒலிக்காத அந்த இரண்டாம் 'ஜி'யைத்தான்.