இரட்டை மூட்டை முத்திரை கோரும் விண்ணப்பம்

கலகெதர,
2021 பெப்ரவரி 3

மாட்சிமை தங்கிய 1897 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்கத் தனிமைப்படுத்தல், நோய்த்தடுப்புக் கட்டளைச் சட்டம் அவர்கள் சமுகத்துக்கு,

பெரியவரே,

தாங்கள் அனுப்பிய பேனை சுகமாக வந்து சேர்ந்தது. மிக்க நன்றி.

அனுப்பியது தங்களுக்கே ஞாபகமில்லாமல் இருக்கலாம். 124 வயதில் எதையெல்லாம் ஞாபகம் வைத்திருப்பது? நானே சொல்லிவிடுகிறேன். எங்கள் ராத்தா குவைத்திலிருந்து வந்து, தங்கள் விதிப்படி அடைபட வேண்டிய இடத்தில் அடைபட்டு, மூக்கில் குச்சி விட வந்தவர்களுக்கெல்லாம் தலையை அண்ணாந்து கொடுத்து, வீட்டுக்கு வந்தும் வாசற்படி தாண்டாமல் கிடந்து, எல்லாம் முடிந்தது என்று ஒரு கடதாசி வாங்கப் போன வாரம் ஓர் அலுவலகத்துக்குப் போனார். வெயிலில் நிற்கவைத்தார்கள். உள்ளே இருந்த ஐயா படிவத்தை அடிமட்டத்தால் தள்ளித் தள்ளிச் சன்னலுக்கு வெளியே விட்டார். 'தொழில்' என்ற கட்டத்தை அவர் கேட்காமலே நிரப்பியிருந்தார். ராத்தா கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனையைத் திருப்பி நீட்ட, ஐயா கதிரையோடு பின்னுக்குப் போனார். "பேனய நீங்களே வெச்சிக்கங்க."

அடுத்து வந்தவர் லண்டனில் மகன் வீட்டில் இருந்துவிட்டு வந்த பெரிய மனிதர். அவரும் விமானத்தில்தான் வந்தவர், நடந்து வரவில்லை. அவருக்கு உள்ளே கதிரை. கையெழுத்துக்கு ஐயாவின் சட்டைப் பையிலிருந்தே பேனை. போட்டு முடிந்ததும் ஐயா அதை வாங்கி மறுபடி பையிலேயே செருகிக்கொண்டார்.

எனக்குக் கோபம் வரவில்லை, பெரியவரே. வந்திருந்தால் இவ்வளவு பணிவாக எழுதுவேனா? வந்தது சரித்திர ஞானம்.

கண்டி ராச்சியத்துக்குள் நுழையும் கணவாய்களில் அந்தக் காலத்தில் முட்கதவு போட்டுக் காவல் வைத்திருந்தார்கள். எங்கள் கலகெதரக் கணவாயும் அப்படி வந்தவனை நிறுத்தி யார் எவர் என்று கேட்ட இடம்தான். றொபேட் நொக்ஸ் என்றொரு வெள்ளைக்காரர் 1660 இல் இரண்டாம் இராஜசிங்கனிடம் பிடிபட்டு, 1679 இல் தப்பியோடி, 1681 இல் புத்தகம் எழுதினார். அதில் இந்தக் காவல்களைத் தாண்டிப் போகும் அனுமதிச் சீட்டைப் பற்றிச் சொல்கிறார். சீட்டு என்றால் களிமண்ணில் குத்திய முத்திரை. போர்வீரனுக்குத் தோளில் ஈட்டியோடு ஒரு மனிதன். கூலியாளுக்குத் தோளில் தடியும், தடியின் இரண்டு முனையிலும் மூட்டையும் தொங்கும் மனிதன். வெள்ளைக்காரனுக்கு இடுப்பில் வாளும் தோளில் துப்பாக்கியும் உள்ள மனிதன். முத்திரையைப் பார்த்தாலே காவல்காரனுக்கு யாருக்கு எழும்பி நிற்பது, யாரை வெயிலில் நிற்கவைப்பது என்று விளங்கிவிடும்.

எவ்வளவு நாணயமான ஏற்பாடு! தாங்களும் அதையேதான் செய்கிறீர்கள். ஆனால் எல்லாருக்கும் ஒரே படிவம், ஒரே பி.சி.ஆர்., ஒரே சட்டம் என்று கூச்சப்பட்டுக்கொண்டு செய்கிறீர்கள். தங்களுக்கு ஏன் கூச்சம்? களிமண் நம் நாட்டில் தாராளமாக இருக்கிறது.

ஈட்டி முத்திரையை எடுத்துக்கொள்வோம். கொவிட் தடுப்புக்கான தேசிய செயற்பாட்டு நிலையத்துக்குத் தலைவர் இராணுவத் தளபதி சவேந்திர சில்வா. தனிமைப்படுத்தல் நிலையங்களை நடத்துவதும் இராணுவம். வைரஸைச் சுட முடியாது என்பதால் வைரஸ் வந்த வீட்டுக்காரரைப் பார்த்துக்கொள்கிறார்கள். விடியற்காலையில் பஸ் வரும்; எங்கே போகிறோம் என்று ஏறியவர்களுக்கும் தெரியாது. அந்த வேலையைப் பையன்கள் மரியாதையாகத்தான் செய்தார்கள் என்று ராத்தா சொன்னார். பஸ்ஸில் சோற்றுப் பார்சலைக் கையில் கொடுத்தார்களாம். அடிமட்டத்தால் தள்ளவில்லை.

வாள் துப்பாக்கி முத்திரை இன்னும் விசேஷம். 2020 மார்ச்சில் விமான நிலையத்தின் கதவு மூடியது. நாட்டுப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் வளைகுடாவில் வேலையும் இல்லாமல், விசாவும் முடிந்து, தூதரக வாசலில் பெயர் பதிந்துவிட்டுக் காத்துக் கிடந்தார்கள். டிசம்பர் 28 ஆம் திகதி கதவு திறந்தது. உள்ளே வந்தவர்கள் உக்ரேனியர்கள். மத்தள விமான நிலையத்தில் இறங்கினார்கள். ஏற்பாடு செய்தவர் முன்னாள் தூதுவர் உதயங்க வீரதுங்க. வந்தவர்களில் சிலருக்குத் தொற்று என்று முடிவு வந்தது. அதனால் என்ன? அவர்கள் 'பயோ பபிளுக்குள்' இருக்கிறார்கள் என்று சொன்னார்கள். அந்தப் பபிள் யால வனத்தில் ஜீப்பில் ஏறிப் போய் யானை பார்த்தது. நொக்ஸ் காலத்தில் வெள்ளைக்காரனின் தோளில் துப்பாக்கி, இப்போது கமெரா. மற்றபடி முத்திரை தேயவில்லை.

ஜனவரி 3 ஆம் திகதி அதே மத்தளவில் இங்கிலாந்து கிரிக்கெட் அணி இறங்கியது. மொயீன் அலிக்குத் தொற்று. அவரைத் தனியாக வைத்தார்கள், சுகமாகி வந்தார், அல்ஹம்துலில்லாஹ். காலியில் மற்றவர்கள் விளையாடினார்கள். அவர்கள் தொட்ட பந்தை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று யாரும் சொன்னதாகத் தெரியவில்லை.

இனி எங்கள் முத்திரை. இரட்டை மூட்டை. இதில்தான் எனக்குத் தங்கள்மேல் பெருமதிப்பு, ஏனென்றால் முந்நூற்றைம்பது வருஷமாக அச்சுப் பிசகவே இல்லை. கட்டுநாயக்கா விமான நிலையத்தில் வந்து நின்ற ராத்தாவின் இரண்டு கையிலும் இரண்டு பெட்டி. பிளாஸ்டிக் கயிற்றால் கட்டி, மூடியில் கறுப்பு மையில் 'கலகெதர' என்று எழுதியது. நொக்ஸ் கண்டிருந்தால் அப்படியே வரைந்திருப்பார்.

மூட்டைக்காரருக்கு இரண்டு வரிசை இருந்தன. இலவச வரிசை, காசு வரிசை. இலவச வரிசையில் நின்றால் எப்போது விமானம் என்று யாருக்கும் தெரியாது. ஆகவே காசு வரிசை. ராத்தா காசு கட்டி அடைபட்ட விடுதியின் பெயரைச் சொல்லவில்லை. கடற்கரையில் இருந்தது, கடல் பக்கத்துச் சன்னலைத் திறக்க அனுமதி இல்லை. வாசலில் பிளாஸ்டிக் கதிரை, கதிரையில் பார்சல், கதவைத் தட்டிவிட்டு ஓடும் காலடி. கட்டிய காசு ராத்தாவின் பல மாதச் சம்பளம். பிறர் வீட்டுக் கக்கூஸ் கழுவிச் சேர்த்த தினார் அது, பெரியவரே. தன் நாட்டுக்குள் நுழைவதற்கு நுழைவுச் சீட்டு வாங்கியதுபோலப் போய்விட்டது.

நொக்ஸ் இங்கே இருந்தது 19 வருஷம். அவருக்கு யாராவது பில் கொடுத்தார்களா? பிடிபட்ட வெள்ளைக்காரர்களுக்கு ஊரார் சோறு போட வேண்டும் என்பது இராஜசிங்கன் கட்டளை. மனிதர் சும்மா இருந்து சாப்பிட்டதோடு நிற்காமல் தொப்பி பின்னி விற்றார், நெல்லை வட்டிக்குக் கொடுத்தார். அடைபட்டவன் லாபத்தோடு வெளியே போன அந்தப் பொற்காலத்தைத் தாங்கள் ஏன் ஒரு திருத்தமாகச் சேர்த்துக்கொள்ளக் கூடாது?

தாங்கள் பிறந்த கதையும் எனக்குத் தெரியும். 1896 இல் பம்பாயில் பிளேக். அடுத்த வருஷமே தாங்கள். அப்போது கடல் தாண்டி மலையேறி வந்தவர்கள் தேயிலைத் தோட்டத்துக் கூலிகள். பிறகு அவர்களை மண்டபம் முகாமில் நிறுத்தி, குளிப்பாட்டி, மருந்தடித்து, சோதித்து அனுப்பினார்கள். துரையை யாரும் அப்படி மண்டபத்தில் குந்தவைத்துக் குளிப்பாட்டியதாக நான் வாசித்ததில்லை. அதே மண்டபம் முகாமில் பிறகு இங்கிருந்து யுத்தத்துக்குத் தப்பி ஓடியவர்கள் அகதிகளாக இருந்தார்கள். போகும்போதும் மூட்டை, வரும்போதும் மூட்டை. அந்தத் தடி தோளிலிருந்து இறங்கவேயில்லை.

தங்கள் உறக்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. விதியை மீறினால் 10,000 ரூபா வரை தண்டம், 6 மாதம் வரை சிறை என்று எங்களுக்கெல்லாம் மனப்பாடம். டிசம்பரில் எங்களுக்கு அதிக தூரமில்லாத கேகாலையில், கொவிட்டுக்கு மருந்தாகக் காளியம்மன் சொல்லிக் கொடுத்த பாணி என்று ஒருவர் விநியோகிக்க, ஆயிரக்கணக்கில் சனம் தோளோடு தோள் இடித்து நின்றது. அன்றைக்குத் தாங்கள் கண்ணயர்ந்துவிட்டீர்கள். சுகாதார அமைச்சரும் அந்தப் பாணியைக் குடித்தார். ஜனவரியில் அவருக்கே தொற்று. அவர் சுகமாகி வரட்டும். அதற்கு மேல் நான் எதுவும் சொல்லவில்லை, சொல்லவும் தேவையில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு கேற்றில் அறிவித்தல் ஒட்டினார்கள். ஒட்டட்டும், விதி. பாட்டுப் போட்டுப் பாண் விற்கும் சூன் பாண்காரனின் ஆட்டோ எங்கள் வளைவில் திரும்பும்போது பாட்டை நிறுத்திவிடும். எங்கள் மதிலைத் தாண்டிப் பக்கத்து வீட்டு வாசலுக்குப் போனதும் பாட்டு மறுபடி தொடங்கும். வைரஸுக்குச் சங்கீதம் பிடிக்கும் என்று நினைத்தானோ என்னவோ. எங்கள் உம்மா இரண்டு வாரம் ரொட்டி சுட்டார்.

இதையெல்லாம் நான் சிரித்துக்கொண்டே எழுதலாம். ஒன்றை மட்டும் முடியவில்லை.

பி.சி.ஆர். முடிவு வரும்வரை ராத்தா விடுதி அறையில் தூங்கவில்லை. போனில் அழுதார். நோய்க்குப் பயந்து அல்ல. "மௌத்தாகிட்டா எரிச்சிருவாங்களா?" என்று கேட்டார். என்ன பதில் சொல்வது? எரிக்கத்தான் வேண்டும் என்று 2020 ஏப்ரலில் வர்த்தமானி போட்டீர்கள். கொவிட்டில் இறந்தவரைப் புதைக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொன்னது; உங்கள் நிபுணர்களுக்கு நிலத்தடி நீர் கலங்கிவிட்டது. டிசம்பரில் கொழும்பில் பிறந்து 20 நாளான குழந்தையை, தாய் தகப்பன் சம்மதிக்காமலே எரித்தீர்கள். பொரளை மயான வேலியில் சனங்கள் வெள்ளைத் துணி கட்டினார்கள். அதையும் இரவோடு இரவாக அவிழ்த்தார்கள். குவைத்திலிருந்து வந்து திருகோணமலை நிலையத்தில் இருந்த 51 வயதுப் பெண்ணொருவர் 2020 மே மாதம் இறந்தார்; தொற்று என்ற முடிவு இறந்த பிறகுதான் வந்தது. அவர் எங்கள் ஆள் இல்லை, பயாகலைக்காரர், ஆனால் அவருக்கும் இரட்டை மூட்டைதான். இது நோய்த்தடுப்பா? வெட்கமில்லையா உங்களுக்கு?

மன்னிக்க வேண்டும். தங்கள் வயதுக்கு மரியாதை தராமல் 'உங்களுக்கு' என்று எழுதிவிட்டேன்.

ஆகவே சமுகத்திடம் என் பணிவான விண்ணப்பம்: விமான நிலையத்திலேயே முத்திரைகளைக் குத்திக் கழுத்தில் மாட்டிவிடுங்கள். தோட்டத்துக்கு வந்த சனத்துக்குத் தகரத் துண்டு கட்டிய அனுபவம் இந்த நாட்டுக்கு ஏற்கனவே உண்டு. எங்களுக்கும் நேரம் மிச்சம், அலுவலக ஐயாமாருக்கும் யாருக்கு எந்தப் பேனை என்று குழம்பத் தேவையில்லை. கட்டிய காசைத் திருப்பித் தரச் சொல்லிக் கேட்கவில்லை. இராஜசிங்கன் காலத்துச் சோற்றுக் கட்டளையாவது திரும்ப வரட்டும்.

இன்னொரு விஷயம். நேற்று ஏஜென்சிக்காரர் கோல் எடுத்தார். ராத்தா திரும்பப் போகிறார். கடன் அடைய வேண்டும், அதில் பாதி தங்கள் விடுதிக் கடன். அங்கே இறங்கினால் அங்கேயும் தனிமைப்படுத்தலாம். அந்தச் செலவு எசமானுடையதா, ராத்தாவுடையதா என்று கேட்டேன். "அத போய்ப் பாத்துக்குவம்" என்றார். குவைத்தில் தங்களுக்குச் சொந்தக்காரர் யாராவது இருந்தால், இன்னார் வருகிறார், பெட்டி இரண்டு என்று முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவைக்கவும்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிவுள்ள,
இரட்டை மூட்டைக்காரியின் தம்பி